பெறாத விசுவாசத்தைப் பிரசங்கிக்கலாமோ? ஜான் வெஸ்லியின் வரலாற்றில் உறுதியும் உறுதியின் தோற்றமும்

பிரசங்க பீடத்தில் நிற்பவனுடைய குரல் தளர்ந்தால் சபையின் செவியும் தளர்கிறது. தயக்கத்துடன் பேசுகிறவனை மக்கள் பின்பற்றுவதில்லை. இதை நன்கு அறிந்த ஊழியர்களாகிய நாம், நம் உள்ளம் கலங்கியிருக்கும் நாளிலும் கலங்காதவர்போலவே பேசிப் பழகியிருக்கிறோம். சாவு வீட்டிலும், நோயாளியின் கட்டிலருகிலும், திருமண மேடையிலும் உறுதியான சொற்கள் நம்மிடம் எதிர்பார்க்கப்படுகின்றன. நாமும் அவற்றைக் கொடுக்கிறோம். இறையியல் மாணவரோ முதலாம் ஆண்டுப் பயிற்சிப் பிரசங்கத்திலேயே இக்குரலைக் கற்றுக்கொள்கின்றனர். பின்னர் ஒரு நாள், தனிமையில், “நான் கூறுவதை நானே நம்புகிறேனா?” என்னும் வினா எழுகிறது. அவ்வினாவுக்கு அஞ்சி ஊழியத்தை விட்டவர்களும் உண்டு. அதனை அடக்கிவிட்டு, குரலை மட்டும் உயர்த்திக்கொண்டவர்களும் உண்டு.

பிறரை விசுவாசத்துக்கு நடத்தும் பொருட்டு, தன்னிடம் இல்லாத உறுதியை ஒருவன் காட்டலாமா? திருச்சபை வரலாற்றில் இவ்வினாவை நேருக்கு நேர் சந்தித்து, சந்தித்த விதத்தைத் தன் நாட்குறிப்பிலேயே எழுதி வெளியிட்டவர் ஜான் வெஸ்லி (1703–1791). அவருடைய வரலாற்றை மெதடிஸ்டு இயக்கத்தின் வெற்றி வரலாறாகவே பெரும்பாலும் கற்பிக்கிறோம். இக்கட்டுரை அதனை வேறொரு பக்கத்திலிருந்து நோக்க முயல்கிறது.

1. தரங்கம்பாடியும் எப்வொர்த்தும்

இவ்வரலாறு நம் நாட்டுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளுட்சோ என்னும் இருவரின் பணியைப் பற்றிய செய்திகள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு இங்கிலாந்தில் பரவின. எப்வொர்த் என்னும் சிற்றூரின் குருமனையில் அந்நூல் ஒன்று கிடந்தது. அதனைப் படித்த சூசன்னா வெஸ்லி அம்மையார் பல நாட்கள் வேறொன்றையும் நினைக்க இயலாதவரானார். தாம் பெண்ணாயினும், குருவல்லராயினும், தம் வீட்டாரின் ஆத்துமாக்களுக்காக இன்னும் அதிகம் செய்யக்கூடும் என்று உணர்ந்து, வாரத்தின் ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசத் தொடங்கினார். இதனை அவர் 1712-ஆம் ஆண்டு தம் கணவருக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். வியாழக்கிழமை ஜானுடைய நாள். அப்போது அவனுக்கு வயது எட்டு.

இங்ஙனம் வளர்ந்த பிள்ளை ஆக்ஸ்போர்டில் பயின்று, 1725-இல் உதவிக்குருவாகவும் 1728-இல் குருவாகவும் அபிஷேகம் பெற்று, லிங்கன் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் விளங்கினார். நோன்பு, ஒழுங்கான ஜெபம், அடிக்கடி திருவிருந்து, சிறைச்சாலைச் சந்திப்பு ஆகிய எதிலும் குறை வைக்கவில்லை. 1735-ஆம் ஆண்டு ஏப்ரலில் மரணப் படுக்கையில் இருந்த அவர் தந்தை சாமுவேல், உள்ளான சாட்சியே கிறிஸ்தவத்துக்கு வலிய சான்று என்று மகனிடம் கூறினார். அதன் பொருள் அப்போது மகனுக்கு விளங்கவில்லை.

2. கப்பலில் கண்டது

அவ்வாண்டு அக்டோபரில் வெஸ்லி தம் தம்பி சார்லசுடன் சிம்மண்ட்ஸ் என்னும் கப்பலில் ஏறினார். அமெரிக்காவில் புதிதாக நிறுவப்பட்ட ஜார்ஜியா குடியேற்றத்தில் ஊழியம் செய்வதும், அந்நாட்டுப் பழங்குடி மக்களுக்கு நற்செய்தி கூறுவதும் அவர் நோக்கம். அதே கப்பலில், பேராயர் தாவீது நிச்மன் தலைமையில் 26 மொரேவியர் பயணம் செய்தனர். இவர்கள் சின்சென்டார்ப் பிரபுவின் ஹெர்ன்ஹூட் குடியிருப்பைச் சேர்ந்த சகோதர சபையார். அவர்களோடு உரையாடும்பொருட்டு வெஸ்லி ஜெர்மன் மொழி கற்கத் தொடங்கினார்.

1736-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 25-ஆம் நாள், ஞாயிறு மாலை, ஜெர்மானியர் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தபோது கடல் கப்பலின்மேல் எழும்பி விழுந்தது. பெரும்பாய் துண்டு துண்டாகக் கிழிந்தது. தளங்களுக்கிடையே தண்ணீர் புகுந்தது. ஆங்கிலேயர் அலறினர். மொரேவியரோ தொடங்கிய சங்கீதத்தை நிறுத்தாமல் பாடினர். பின்னர் அவர்களுள் ஒருவரிடம், நீர் அஞ்சவில்லையா என்று வெஸ்லி வினவினார். இல்லை என்று விடை வந்தது. பெண்களும் பிள்ளைகளுமா அஞ்சவில்லை என்று மீண்டும் வினவ, அவர்களும் சாவுக்கு அஞ்சுவதில்லை என்று அம்மனிதர் அமைதியாகக் கூறினார்.

இந்நிகழ்ச்சி நாம் பலமுறை எடுத்தாளும் எடுத்துக்காட்டு. ஆயினும் இதற்கு முன் வெஸ்லி எழுதியுள்ள சில வரிகளை நாம் விட்டுவிடுகிறோம். அம்மொரேவியர், ஆங்கிலேயர் எவரும் செய்ய மறுத்த இழிவான பணிவிடைகளை மற்றப் பயணிகளுக்குச் செய்து, அதற்குக் கூலியும் பெற மறுத்தனர். தள்ளப்பட்டும் அடிக்கப்பட்டும் முறைப்பாடின்றி எழுந்து சென்றனர். பெருமையும் கோபமும் அவர்களை விட்டு நீங்கியிருப்பதைப் பல வாரங்களாகக் கண்டிருந்த வெஸ்லி, அச்சமும் நீங்கியிருக்கிறதா என்று பார்க்கப் புயல் வாய்ப்பளித்தது என்றே எழுதுகிறார். ஆகவே அவரை அசைத்தது ஓர் இரவின் பாட்டு மட்டுமன்று. அப்பாட்டு எவருக்கும் காட்டுவதற்காகப் பாடப்பட்டதுமன்று. புயல் இல்லாவிட்டாலும் அந்நேரத்தில் அவர்கள் அதனைப் பாடியிருப்பர். பிறரை ஈர்க்கும் எண்ணமின்றி வெளிப்பட்ட உறுதியே அவரை ஈர்த்தது.

3. ஜார்ஜியாவில் கொடுத்த விடை

பிப்ரவரித் தொடக்கத்தில் கப்பல் ஜார்ஜியாவை அடைந்தது. அங்கிருந்த மொரேவியத் தலைவர் ஸ்பாங்கன்பர்க் என்பவரிடம் வெஸ்லி ஊழியத்தைப் பற்றி ஆலோசனை கேட்டார். ஆலோசனைக்கு முன் அவர் சில வினாக்களை எழுப்பினார். இயேசு கிறிஸ்துவை அறிவீரா என்று கேட்டபோது, அவர் உலக இரட்சகர் என்பதை அறிவேன் என்றார் வெஸ்லி. உம்மை இரட்சித்தார் என்பதை அறிவீரா என்று மீண்டும் கேட்டபோது, என்னை இரட்சிக்கவே மரித்தார் என்று நம்பியிருக்கிறேன் என்றார். இறுதியில், நீர் உம்மை அறிவீரா என்ற வினாவுக்கு, அறிவேன் என்று விடையளித்தார். அச்சொற்கள் வீணானவை என்று அஞ்சுகிறேன் என்று தம் குறிப்பில் பின்னர் எழுதினார்.

இவ்விடையை நாம் எளிதில் கடந்துபோகக் கூடாது. ஆக்ஸ்போர்டின் கல்விமான், குருத்துவ அபிஷேகம் பெற்றவர், 32 வயதினர், அந்நிய நாட்டுக் குடியேற்றத்தில் ஒரு ஜெர்மானியர் முன் நிற்கிறார். அறியேன் என்று கூறப் பதவி இடங்கொடுக்கவில்லை. இங்கே நாம் காண்பது, மதிப்பைக் காத்துக்கொள்ளும்பொருட்டு உதடு எடுத்துக்காட்டும் உறுதி. பொய் சொல்லவேண்டுமென்று அவர் எண்ணியிருக்கமாட்டார். ஊழியக்காரனுக்கு எளிதாக வரும் சொல் அது, வந்துவிட்டது.

ஜார்ஜியா ஊழியம் தோல்வியில் முடிந்தது. தாம் மணக்க எண்ணியிருந்த இளம்பெண் வேறொருவரை மணந்தபின், ஒழுங்குமுறையைக் காரணங்காட்டி அவருக்குத் திருவிருந்து மறுத்ததனால் வழக்குத் தொடரப்பட்டது. 1737-ஆம் ஆண்டு டிசம்பரில் வெஸ்லி அந்நாட்டை விட்டுப் புறப்பட்டார். திரும்பும் கப்பலில், 1738 ஜனவரியில், தம்மைக் கடுமையாக ஆராய்ந்தார். அமெரிக்கப் பழங்குடியினரை மனந்திருப்பச் சென்ற தம்மை மனந்திருப்புவார் யார் என்று கேட்டுக்கொண்டார். ஆபத்தில்லாத வேளையில் நன்றாகப் பேசவும் நம்பவும் தம்மால் முடிகிறது என்றும், சாவு எதிர்நோக்கும்போது தம் ஆவி கலங்குகிறது என்றும் எழுதினார்.

4. போலரின் ஆலோசனை

இலண்டன் திரும்பிய சில நாட்களில், 1738 பிப்ரவரி 7-ஆம் நாள், பேதுரு போலர் என்னும் மொரேவிய ஊழியரைச் சந்தித்தார். ஏனா பல்கலைக்கழகத்தில் பயின்ற அவருக்கு அப்போது வயது 25. விசுவாசம் என்பது கோட்பாடுகளை ஒப்புக்கொள்வது மட்டுமன்று, கிறிஸ்துவின் புண்ணியத்தால் என் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்னும் திடநம்பிக்கை என்று போலர் எடுத்துரைத்தார். மார்ச் 5-ஆம் நாள், ஆக்ஸ்போர்டில், தமக்கு அவ்விசுவாசம் இல்லை என்பது வெஸ்லிக்குத் தெளிவாயிற்று. உடனே, பிரசங்கிப்பதை விட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. தன்னிடம் இல்லாததைப் பிறருக்கு எவ்வாறு அளிப்பது? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

போலரிடமே இதனைக் கேட்டார். விடவே வேண்டாம் என்றார் போலர். எதைத்தான் பிரசங்கிப்பது என்று கேட்டபோது, விசுவாசத்தைப் பெறும் வரையில் அதனைப் பிரசங்கிக்கவும், பெற்றபின் பெற்றதனாலேயே பிரசங்கிக்கவும் கூறினார்.

இவ்வாலோசனை நமக்கு இடறலாகத் தோன்றக்கூடும். இது பாவனை செய்யக் கற்பிப்பதன்றோ? இன்று விற்பனைத் துறையிலும் அரசியல் மேடையிலும், உறுதியுள்ளவன்போல் நட, உறுதி தானே வரும், பிறரும் நம்புவர் என்று பயிற்றுவிக்கின்றனர். போலர் கூறியதும் அதுதானோ?

அடுத்து நிகழ்ந்ததை நோக்கினால் வேறுபாடு விளங்கும். மறுநாளே, மார்ச் 6-ஆம் நாள், மரணத் தீர்ப்புப் பெற்ற கிளிஃபோர்டு என்னும் கைதியிடம் வெஸ்லி விசுவாசத்தால் மட்டும் வரும் இரட்சிப்பைப் பேசினார். மரணப் படுக்கையில் மனந்திரும்புதல் இயலாது என்று பல ஆண்டுகள் வாதித்தவர் அவர். ஆதலின் போலர் பலமுறை வேண்டியும் அக்கைதியிடம் பேச மறுத்திருந்தார். தாம் பிரசங்கிக்கவேண்டியது தம் அனுபவமாயின், அன்று அவரிடம் கூற ஒன்றுமில்லை. அவர் கூறியதோ, சாகப்போகிற குற்றவாளிக்கும் தமக்கும் ஒருங்கே தேவையான செய்தி. அம்மாதம் 27-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு சிறையில் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவருடன் ஜெபித்தார். முழங்காலினின்று எழுந்த அம்மனிதர், தாம் இறக்க ஆயத்தம் என்றும், தம் பாவங்கள் நீக்கப்பட்டன என்றும் கூறினார். அதே அமைதியுடன் தண்டனை மேடையில் மரித்தார். பிரசங்கியார் பெறாத உறுதியைக் கேட்டவர் முதலில் பெற்றார். வெஸ்லி பெறுவதற்கு இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன.

ஆகவே போலர் கூறியதன் பொருள், பெற்றவன்போல் நடி என்பதன்று. விசுவாசத்தைப் பிரசங்கி என்றாரேயன்றி, உன் விசுவாசத்தைப் பிரசங்கி என்று கூறவில்லை. செய்தியின் உண்மை ஊழியனுடைய உள்ளத்தின் வெப்பத்தைச் சார்ந்திருப்பதன்று. பவுல் அப்போஸ்தலரும் கொரிந்துவில் பலவீனத்தோடும் நடுக்கத்தோடும் இருந்ததை மறைக்கவில்லை (1 கொரி. 2:3). தம்மையல்ல, கிறிஸ்துவையே பிரசங்கிப்பதாக அச்சபைக்கே எழுதினார் (2 கொரி. 4:5).

5. ஆல்டர்ஸ்கேட்டுக்குப் பின்

1738 மே 24-ஆம் நாள் மாலை, ஆல்டர்ஸ்கேட் தெருவில் கூடிய சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோது, ஒன்பது மணிக்குக் கால்மணி முன்னே, தம் உள்ளம் அனல் கொண்டதாக வெஸ்லி எழுதியது யாவரும் அறிந்ததே. விரும்பாமலே அங்குச் சென்றேன் என்று அவரே குறிப்பிட்டுள்ளார். பிரசங்கம் செய்தவர் எவருமின்றி, ஒரு நூல் வாசிக்கப்பட்ட இடத்தில் இது நிகழ்ந்தது என்பதும் கருதத்தக்கது.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. அன்றிரவே சோதனைகள் தொடங்கின. மகிழ்ச்சி ஏன் வரவில்லை என்று கலங்கினார். அக்கோடையில் ஹெர்ன்ஹூட்டுக்குச் சென்று, கிறிஸ்டியன் தாவீது என்னும் தச்சர் பிரசங்கித்ததைக் கேட்டார். பாவமன்னிப்புப் பெற்றும் ஐயங்களோடு போராடும் பலவீனர் உண்டு என்ற அச்செய்தி அவரைத் தேற்றியது. 1739 ஜனவரி 4-ஆம் நாளோ, தாம் இப்போதும் கிறிஸ்தவனல்லன் என்று நாட்குறிப்பில் எழுதினார். அதே ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் பிரிஸ்டலில் திறந்தவெளியில் பிரசங்கிக்கத் தொடங்கினார், ஆயிரக்கணக்கானோர் கேட்டனர். இவ்விரண்டு நாட்களுக்கும் இடையே மூன்று மாதங்களே.

இக்குறிப்புகளை அவர் மறைத்து வைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அச்சிட்டு, தம்மைப் பின்பற்றியவர்களும் பழித்தவர்களும் ஒருங்கே வாசிக்கக் கொடுத்தார். உறுதியைக் காட்டி மக்களை வசப்படுத்த விரும்பும் தலைவன் இவ்வாறு செய்வதில்லை.

6. ஃபெட்டர் லேன் பிளவு

மற்றொரு பக்கத்துப் பிழையும் விரைவில் தோன்றியது. 1739-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் வந்த மோல்தர் என்னும் மொரேவியர், முழு நிச்சயம் இல்லாதவனுக்கு விசுவாசமே இல்லை என்றும், அவன் அதனைப் பெறும் வரையில் ஆலயத்துக்கும் திருவிருந்துக்கும் செல்லாமல் அமைதியாகக் காத்திருக்கவேண்டும் என்றும் போதித்தார். ஃபெட்டர் லேன் சங்கத்தில் பலர் கலங்கித் திருவிருந்தை விட்டனர். வெஸ்லி இதனை எதிர்த்தார். ஐயப்படுகிறவனுக்கே அருட்சாதனங்கள் மிகவும் தேவை என்றும், திருவிருந்து மனந்திருப்பும் நியமமாகவும் இருக்கிறது என்றும் வாதிட்டார். 1740 ஜூலை 20-ஆம் நாள் தம்முடன் சேர்ந்த சிலரோடு அச்சங்கத்தை விட்டு வெளியேறினார்.

போலர் காட்டிய வழியே இங்கு சபையார் அனைவருக்கும் விரிவாக்கப்படுகிறது. உறுதி வரும்வரை பிரசங்கத்தை விடவேண்டாம் என்பது ஊழியனுக்கு. உறுதி வரும்வரை திருப்பந்தியை விடவேண்டாம் என்பது சபையானுக்கு. இரண்டிலும் அருள் முந்துகிறது, உணர்வு பிந்துகிறது.

ஆயினும் வெஸ்லியின் தொடக்கப் போதனையிலும் இப்பிழையின் சாயல் இருந்தது. பாவமன்னிப்பின் நிச்சயம் இல்லாதவன் கிறிஸ்தவனல்லன் என்ற கருத்தை அவர் முதலில் வன்மையாகக் கூறினார். இத்தகைய போதனையுள்ள இடத்தில், நிச்சயம் உண்டு என்று சொல்பவனுக்கே மதிப்பு உண்டாகும். இல்லாதவனும் இருப்பதாகச் சொல்லக் கற்றுக்கொள்வான். காலப்போக்கில் அவர் தம்மைத் திருத்திக்கொண்டார். நீதிமானாக்கும் விசுவாசமும் மன்னிப்பின் உணர்வும் ஒன்றல்ல என்று 1747-இல் சார்லசுக்கு எழுதினார். 1770-களில் தம் நூல்களை மறுபதிப்பிட்டபோது, மனந்திரும்பாதவனாயிருந்தேன் என்ற பழைய குறிப்புக்கு, இதனை நிச்சயமாகக் கூற முடியாது என்று அடிக்குறிப்புச் சேர்த்தார். அந்நாட்களிலும் குமாரனுக்குரிய விசுவாசம் இல்லாவிடினும் ஊழியக்காரனுக்குரிய விசுவாசம் தமக்கு இருந்தது என்றார். 1788-இல், 84-ஆம் வயதில், எபிரெயர் 11:6-ஐக் கொண்டு இவ்வேறுபாட்டையே விரித்துப் பிரசங்கம் எழுதினார். நிச்சயமாகக் கூறியவற்றைத் திருத்திக்கொள்ள 36 ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

7. தம்பிக்கு எழுதிய கடிதம்

1766 ஜூன் 27-ஆம் நாள் வெஸ்லி தம் தம்பி சார்லசுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 63. இயக்கம் நாடெங்கும் வேரூன்றியிருந்தது. அக்கடிதத்தில், தாம் தேவனை நேசிக்கவில்லை, ஒருபோதும் நேசித்ததில்லை, கிறிஸ்தவப் பொருளில் ஒருபோதும் விசுவாசித்ததில்லை என்று எழுதினார். கண்காணாத எதைப் பற்றியும் தமக்கு நேரடியான சாட்சி இல்லை என்றார். ஆயினும் விசுவாசத்தையும் அன்பையும் பற்றித் தாம் பிரசங்கிப்பதைத் தவிர வேறெதையும் பிரசங்கிக்கத் துணியேன் என்றும், தேவனுடைய வேலையில் தம் வைராக்கியம் குறையாமல் பெருகுகிறது என்றும் சேர்த்தார். இவற்றுள் மிகவும் அந்தரங்கமான சொற்களைச் சுருக்கெழுத்தில் எழுதினார்.

இதனை ஒரு சோர்வின் நாளில் எழுதியது என்று தள்ளிவிடுவாரும் உளர். அவருடைய அனுபவம் முழுவதும் பொய் என்று காட்ட எடுத்தாள்வாரும் உளர். இரண்டும் பொருந்தா. 1738-இல் போலர் இட்ட கட்டளையை அவர் 1766-லும் கைக்கொண்டிருந்தார் என்பதே நாம் காணக்கூடியது. நாட்குறிப்புகளில் தம் இளமைக் காலத்துத் தோல்விகளை அச்சிட்டவர், இதனை மட்டும் ஏன் சுருக்கெழுத்தில் மறைத்தார் என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான எளியோரின் விசுவாசம் தம் சொல்லோடு பின்னிக் கிடந்ததை அவர் அறிந்திருந்தார். அம்மறைப்பைக் கோழைத்தனம் என்று கூற நான் துணியேன். ஆனால் அதன் பாரம் எளிதாயிருந்திருக்காது. அப்பாரத்தைச் சொல்ல ஒரு தம்பி இருந்தார் என்பது தேவ இரக்கம்.

8. நமக்குரியவை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைக் கூறலாம்.

முதலாவது, அறிவிக்கும் உறுதியும் காட்டும் உறுதியும் வேறு. கிறிஸ்து பாவிகளை ஏற்கிறார் என்று நடுங்கும் உள்ளத்தோடும் திடமாக அறிவிக்கலாம், அது பாவனையாகாது. என் உள்ளத்தில் ஐயமே இல்லை என்று நடுங்கும் உள்ளத்தோடு கூறுவதே பாவனை. ஸ்பாங்கன்பர்கின் முன் வெஸ்லி கொடுத்த விடை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. சிறைக் கைதியிடம் பேசியது முதல் வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது, தேவன் வாக்களிக்காததை உறுதியாகக் கூறும் உரிமை நமக்கில்லை. நோயாளியின் கட்டிலருகே நின்று, இவர் நிச்சயமாகப் பிழைப்பார் என்று முழங்கும் ஊழியன், குடும்பத்தாரை அந்நேரத்துக்குத் தேற்றுகிறான். அந்நோயாளி மரித்தபின், தங்கள் விசுவாசக் குறைவே காரணமோ என்று அக்குடும்பம் பல ஆண்டுகள் வருந்துகிறது. ஊழியன் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிவிடுகிறான். அவன் இரவல் கொடுத்த உறுதிக்கு வட்டி செலுத்துகிறவர்கள் அவர்களே.

மூன்றாவது, ஊழியனுக்கு ஒரு சார்லஸ் வேண்டும். சபையார் முன் ஒவ்வோர் ஐயத்தையும் கொட்டுவது நேர்மையென்று சிலர் கருதுகின்றனர்; அது பாரத்தைப் பலவீனர் தோளில் ஏற்றுவதாகும். எவரிடமும் கூறாமல் அடக்குவதோ, நாளடைவில் குரலை மட்டும் மிச்சம் வைக்கும். ஆயர்மாரிடையே அத்தகைய நட்பு அரிதாயிருப்பதை யாவரும் அறிவோம். ஆயர் கூட்டங்களில் ஞானஸ்நான எண்ணிக்கையையும் கட்டட நிதியையும் பற்றிப் பேசிக் கலைகிறோம். இறையியல் கல்லூரி விடுதியில் அந்நட்பு தொடங்கக்கூடும். அங்கே தொடங்காவிடில் பின்னர் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

சிம்மண்ட்ஸ் கப்பலில் பாடிய மொரேவியருள் பெரும்பாலோர் பெயரைத் திருச்சபை நினைவில் வைத்திருக்கவில்லை. அவர்கள் எவரையும் வசப்படுத்த எண்ணவில்லை. வழக்கமான மாலை ஆராதனையை முடித்தனர். அவர்களுடைய சகோதரர் சிலர் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்து, தோட்டமிட்டுத் தொழில் செய்து வாழ்ந்தனர். அக்கப்பலில் அச்சத்தோடு அவர்களை நோக்கி நின்ற குருவானவரையோ உலகம் அறியும். அச்சமுள்ள அம்மனிதரையும் தேவன் 50 ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தினார். வரும் ஞாயிறன்று ஐயத்தோடு பீடமேறப்போகிற எவரும், அவரைப்போலத் தமக்கும் தேவையான செய்தியையே எடுத்துச் செல்வாராக.